மருந்தோடு நிழலும் வேண்டும்!

காலை மணி 5. ஆவடி ரயில் நிலையம்.

பிளாட்பாரத்தில் ஒரு தாய் நிற்கிறாள். அவள் தோளில் ஆறு வயதுப் பையன் சாய்ந்து தூங்குகிறான். பையனின் தலையில் முடி இல்லை. ஒரு துணித் தொப்பி போட்டிருக்கிறான். தாயின் கையில் பெரிய பை. அதில் ஆஸ்பத்திரிச் சீட்டுகள், பிளாஸ்கில் கஞ்சி, ஒரு மாற்றுச் சட்டை, ஒரு பொம்மைக் கார்.

முதல் ரயிலைப் பிடித்தால்தான் ஆஸ்பத்திரியில் நேரத்துக்கு நம்பர் கிடைக்கும். ரத்தம் கொடுக்க வேண்டும். முடிவு வரக் காத்திருக்க வேண்டும். பிறகு டாக்டரைப் பார்க்க வேண்டும். அதன் பிறகு மருந்து ஏற்ற வேண்டும். மருந்து ஏறினால் பையனுக்கு வாந்தி வரும்.

இவ்வளவும் முடிய மாலை ஆகிவிடும். அதுவரை அந்தத் தாய் எங்கே உட்காருவாள்? பையன் எங்கே படுப்பான்?

நடைபாதையில்! சுவரோரத்தில்! இடம் கிடைத்தால் மாடிப்படிக்குக் கீழே!

இவள் ஒருத்தி அல்ல. அம்பத்தூரில், ஆவடியில், பூந்தமல்லியில் இப்படிப் பல தாய்மார்கள் இருக்கிறார்கள். தகப்பன் தொழிற்சாலைக்கு முறை வேலைக்குப் போயிருப்பான். ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். மூத்த பெண்ணைப் பக்கத்து வீட்டில் விட்டிருப்பார்கள். அந்தப் பெண் பள்ளிக்குப் போனாளா, சாப்பிட்டாளா என்று கேட்க யாருக்கும் நேரம் இருக்காது.

வெளியூர்க்காரர்கள் பாடு இன்னும் மோசம். பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிப் பெரிய ஆஸ்பத்திரிகள் வந்துவிட்டன. மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. வேறு மாவட்டங்களில் இருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக் கொண்டு வருகிறார்கள். ஊருக்குத் திரும்பவும் முடியாது. இங்கே தங்கவும் இடம் கிடையாது.

நோய்க்கு மருந்து இருக்கிறது. டாக்டர் இருக்கிறார். நர்சு இருக்கிறார். ஆனால் அந்தப் பிள்ளையும் தாயும் மூச்சு விட்டு உட்கார ஓர் இடம்?

அதுதான் இல்லை!

பாதியில் நிற்கும் வைத்தியம்

"உட்கார இடம் இல்லாதது ஒரு பெரிய குறையா?" என்று சிலர் கேட்கலாம்.

பெரிய குறைதான். அது உயிரோடு சம்பந்தப்பட்ட குறை.

குழந்தைகளுக்கு வரும் புற்று நோய்களில் ரத்தப் புற்று நோய் அதிகம். பல குழந்தைகளை இதில் இருந்து காப்பாற்ற முடியும். ஆனால் வைத்தியம் ஒரு வாரத்தில் முடிவது அல்ல. 2 ஆண்டு, சிலருக்கு 3 ஆண்டு கூட ஆகும். ரத்தம் ஊறாத 'தலசீமியா' நோய் உள்ள குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும். அதுவும் ஆண்டுக் கணக்கில்!

உலகத்தில் ஆண்டுதோறும் 19 வயது வரை உள்ளவர்களில் சுமார் 4 லட்சம் பேருக்குப் புற்று நோய் வருவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பணக்கார நாடுகளில் இப்படிப்பட்ட பிள்ளைகளில் 100-க்கு 80 பேருக்கு மேல் குணம் அடைகிறார்கள். ஏழை நாடுகளில் 30 பேர் கூடப் பிழைப்பது இல்லை.

ஏன் இந்த வித்தியாசம்? நோயைத் தாமதமாகக் கண்டு பிடிப்பது ஒரு காரணம். மருந்து கிடைக்காதது ஒரு காரணம். வைத்தியத்தைப் பாதியில் விட்டு விடுவதும் ஒரு முக்கிய காரணம்.

எந்தத் தாயும் மனம் வந்து பாதியில் விட மாட்டாள். பணம் தீர்ந்து போகிறது. அலைந்து அலைந்து உடம்பு ஓய்ந்து போகிறது. "எங்களை விட்டுவிடுங்கள், வீட்டுக்குப் போகிறோம்" என்று பிள்ளையே அழுகிறது. ஒரு நாள் அந்த ரயிலைப் பிடிக்காமல் இருந்து விடுகிறார்கள். அவ்வளவுதான்.

ஆகவே, இளைப்பாற ஓர் இடம் என்பது ஆடம்பரம் அல்ல. வைத்தியத்தில் அதுவும் ஒரு பகுதி.

தாம்பரத்தில் ஒரு டாக்டர்

இது புதிய யோசனை என்று நினைக்க வேண்டாம். சென்னைக்குப் பக்கத்திலேயே, கிட்டத்தட்ட 100 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் இதைச் செய்து காட்டினார்.

அவர் பெயர் டாக்டர் சவுரி முத்து. அவர் இங்கிலாந்தில் மலைப் பக்கத்தில் ஒரு காச நோய் ஆஸ்பத்திரி நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் 1917-ல் அங்கே நோயாளியாகத் தங்கி இருந்தார். பிறகு டாக்டர் முத்து தாய்நாடு திரும்பினார். 1928-ல் தாம்பரத்தில், பச்சைமலை அடிவாரத்தில் ஒரு காச நோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார்.

இடம் சுமார் 250 ஏக்கர். படுக்கைகள் எத்தனை தெரியுமா? பன்னிரண்டுதான்!

நோயாளிக்கு மரம் வேண்டும், வெளிச்சம் வேண்டும், நல்ல காற்று வேண்டும் என்பது அவர் கொள்கை. 1937-ல் அந்த ஆஸ்பத்திரி அரசாங்கத்தின் கைக்கு வந்தது. இன்றும் அது அரசாங்க ஆஸ்பத்திரியாக நடக்கிறது. அங்குள்ள ரயில் நிலையத்துக்கே 'தாம்பரம் சானடோரியம்' என்றுதான் பெயர்.

சேத்துப்பட்டு சொன்ன பாடம்

ஆனால் உண்மையை முழுதும் சொல்ல வேண்டும். காற்றும் மரமும் காச நோயைக் குணப்படுத்தவில்லை. அதைக் குணப்படுத்தியது மருந்து.

அதையும் சென்னைதான் உலகத்துக்குச் சொன்னது. 1956-ல் சேத்துப்பட்டில் காச நோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே ஒரு சோதனை நடந்தது. நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினரை ஆஸ்பத்திரியில் வைத்து, நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்து, மருந்து கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினரை அவர்களது வீட்டிலேயே விட்டு, அதே மருந்தைக் கொடுத்தார்கள். அவை ஏழைகளின் நெருக்கடியான வீடுகள்.

1959-ல் முடிவு வந்தது. உலகமே ஆச்சரியப்பட்டது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணம் அடைந்திருந்தார்கள்!

"அப்படியானால் மரம் எதற்கு, தோட்டம் எதற்கு?" என்று கேட்பது நியாயம்.

பதில் அந்தச் சோதனைக்குள்ளேயே இருக்கிறது. ஒரு வருஷம் விடாமல் மருந்து சாப்பிட்டால்தான் குணம். அதற்காக ஆராய்ச்சி நிலையத்தார் நோயாளிகளின் வீட்டுக்கே ஆள் அனுப்பினார்கள். மருந்து சாப்பிட்டார்களா என்று பார்த்தார்கள். வராதவர்களைத் தேடிப் போனார்கள். அந்தத் துணை இல்லாவிட்டால் மருந்து பெட்டியிலேயே கிடந்திருக்கும்.

தோட்டம் மருந்து அல்ல. மருந்தை முடிக்கும் வரை தாங்கிப் பிடிக்கும் கை அது. இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. "இயற்கைக் காற்றே போதும், ஊசி வேண்டாம்" என்று யாராவது சொன்னால், அவர் பேச்சைக் கேட்கவே கூடாது.

ஜன்னல் வழியே ஒரு மரம்

அந்தக் கை எவ்வளவு தூரம் தாங்கும்? அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே ரோஜர் உல்ரிக் என்ற ஆராய்ச்சியாளர் 46 நோயாளிகளின் குறிப்புகளைப் பார்த்தார். எல்லாரும் பித்தப்பை ஆபரேஷன் செய்து கொண்டவர்கள். பாதிப் பேருடைய ஜன்னல் வழியே மரம் தெரியும். மறு பாதிப் பேருக்குச் செங்கல் சுவர்தான் தெரியும்.

மரத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. இந்த ஆராய்ச்சி 1984-ல் வெளி வந்தது.

முக்கால் நாள் சிறிய லாபம்தான். அவர்கள் குழந்தைகளும் அல்ல. ஆனாலும் ஒரு மரம் சும்மா நின்று செய்த வேலை இது!

ஹெலனும் பம்பாய்க் குழந்தைகளும்

இங்கிலாந்தில் ஹெலன் என்ற சிறுமி இருந்தாள். அவளுக்கு மூளையில் கட்டி. அதை எடுத்த பிறகும் அவள் பழையபடி ஆகவில்லை. பெற்றோர் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள். இரவு பகலாகப் பார்த்தார்கள். அவர்களுக்குச் சில நாள் ஓய்வு கொடுக்க ஒரு கன்னிகாஸ்திரீ முன் வந்தார். அந்தச் சிறுமியைத் தன்னிடம் அவ்வப்போது வாங்கி வைத்துக் கொண்டார்.

அதில் இருந்து பிறந்ததுதான் ஆக்ஸ்போர்டு நகரில் 1982-ல் திறக்கப்பட்ட 'ஹெலன் வீடு'. கடும் நோயுற்ற குழந்தைகளுக்காகவே உலகில் கட்டப்பட்ட முதல் இல்லம் என்று இதைச் சொல்கிறார்கள். இங்கே குழந்தை சில நாள் தங்கும். தாய் தகப்பன் தூங்குவார்கள். பிறகு வீட்டுக்குப் போவார்கள். பெரிய ஆஸ்பத்திரி போல அல்ல, ஒரு வீடு போலவே அது நடந்தது.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 2006-ல் பம்பாயில் 'செயின்ட் ஜூட்' என்ற பெயரில் ஓர் இல்லம் தொடங்கியது. புற்று நோய் வைத்தியத்துக்கு வெளியூரில் இருந்து வரும் குழந்தையும் பெற்றோரும் அங்கே இலவசமாகத் தங்கலாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி இடம். சமையல் பொதுக் கட்டில். அவரவர் அடுப்பில் அவரவர் சமைத்துக் கொள்ளலாம். இன்று இந்த இல்லங்கள் பல நகரங்களில் இருக்கின்றன. சென்னையிலும் வேலூரிலும் கூட இருக்கின்றன.

ஆனால் தேவை பெரியது. இருக்கும் இடமோ சிறியது. சென்னையின் மேற்குப் பக்கத்துக்கென்று தனியாக ஓர் இல்லம் வேண்டும்.

பூ இருந்த ஊர்

மேற்குப் பக்கம் இதற்கு ஏற்ற இடமா? பெயரே சொல்கிறது.

பூந்தமல்லியின் பழைய பெயர் பூவிருந்தவல்லி. திருக்கச்சி நம்பி இங்கே நந்தவனம் வைத்து, காஞ்சீபுரம் வரதராஜப் பெருமாளுக்குப் பூ கொண்டு போனார் என்பது வழிவழியாக வரும் வரலாறு. வெள்ளைக்காரர்கள் காலத்தில் நோயில் இருந்து தேறும் சிப்பாய்களை அவர்கள் தங்க வைத்த இடங்களில் பூந்தமல்லியும் ஒன்று. சிப்பாய்க்கு ஒத்துக் கொண்ட காற்று குழந்தைக்கு ஒத்துக் கொள்ளாதா?

ஏரிகளுக்கும் இங்கே பஞ்சம் இல்லை. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, செம்பரம்பாக்கம் ஏரி என்று எத்தனை! ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் 2019-ல் பூங்கா அமைத்தார்கள். நடைபாதை இருக்கிறது. மாலையில் குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள். ஆனால் தலைமுடி இழந்த ஒரு குழந்தை அந்தக் கூட்டத்தில் வந்து உட்கார முடியுமா? நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். "என்னம்மா ஆச்சு?" என்று கேட்பார்கள். தாய் பதில் சொல்ல முடியாமல் எழுந்து விடுவாள். அந்தக் குழந்தைக்குத் தொற்று வரும் பயம் வேறு.

எனவே அவர்களுக்கென்று தனி இடம்தான் வேண்டும்.

வீடு எப்படி இருக்க வேண்டும்?

பளிங்குத் தரை வேண்டாம். குளிர் சாதன மண்டபம் வேண்டாம். நம் பாட்டனார் கட்டிய வீட்டை நினைத்துப் பார்த்தாலே போதும். திண்ணை, தாழ்வாரம், முற்றம், கொல்லை. நோயுற்ற குழந்தைக்கு இவை எல்லாம் உதவும்.

ஏரியைப் பார்த்த இடமாக இருக்கட்டும். ஆனால் ஏரிக்குள் கட்டக் கூடாது. ஏரியின் நிலத்தைப் பிடிப்பதும் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தைச் சென்னை மறக்கவில்லை. மேடான நிலத்தில், உயர்ந்த தளம் போட்டுக் கட்ட வேண்டும். ஆம்புலன்ஸ் வாசல் வரை வர வேண்டும். இரவில் காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எனவே பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து வெகு தூரம் தள்ளிப் போகக் கூடாது.

கோடையில் சென்னையின் மேற்கு வெயில் சுடும். பிற்பகலில் கிழக்கே இருந்து கடல் காற்று வரும். எனவே தாழ்வாரம் கிழக்கு நோக்கி இருக்க வேண்டும். மேற்கே வேம்பும் புங்கமும் வரிசையாக நிற்க வேண்டும். காற்றாடியின் வேலையில் பாதியை மரமே செய்துவிடும்.

ஜன்னல் உயரம் மிக முக்கியம். சாதாரணமாக ஜன்னல் மூன்றடி உயரத்தில் தொடங்கும். படுத்திருக்கும் குழந்தைக்கு வானம் மட்டும்தான் தெரியும். இங்கே ஜன்னல் ஒன்றரை அடியில் தொடங்க வேண்டும். கம்பி போட்டு விட்டால் பயம் இல்லை. படுத்தபடியே குழந்தை அணிலைப் பார்க்கலாம். கொக்கு பறப்பதைப் பார்க்கலாம்.

கதவு நாலடி அகலம் இருக்கட்டும். கட்டிலோடு குழந்தையைத் தள்ளிக் கொண்டு வந்து மரத்தடியில் விடலாம். படிக்குப் பதில் சரிவுப் பாதை. ஓர் அடி ஏற, 12 அடி நீளம் வேண்டும். அப்போதுதான் ஒரு தாய் தனியாகவே சக்கர நாற்காலியைத் தள்ள முடியும்.

ஊஞ்சல் கட்டாயம் வேண்டும். முதுகு சாயும் பலகை உள்ள ஊஞ்சல். பாட்டி மடியில் பேரனை வைத்துக் கொண்டு ஆட வேண்டும்.

சமையல் கட்டும் வேண்டும். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் தொடாத குழந்தை, அம்மா வைத்த ரசம் சாதத்தை இரண்டு வாய் வாங்கிக் கொள்ளும்.

தோட்டத்தில் கவனம்!

தோட்டம் என்றதும் கண்டதை நட்டு விடக் கூடாது. இது சாதாரணத் தோட்டம் அல்ல.

அரளி கூடாது. அதில் எல்லாப் பாகமும் விஷம். ஊமத்தை, காட்டாமணக்கு இரண்டும் கூடாது. முள்செடி கூடாது.

மல்லிகை நல்லதுதான். ஆனால் ஜன்னல் பக்கத்தில் வேண்டாம். புற்று நோய் மருந்து ஏறிய குழந்தைக்கு வாசனையே குமட்டலாம். கொல்லையின் கோடியில் மல்லிகைப் பந்தல் இருக்கட்டும். அம்மா போய்ப் பறித்துக் கொள்வாள்.

தேங்கிய தண்ணீர் ஒரு சொட்டுக் கூடாது. டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டை இடுகிறது. தூறல் தெளிக்கும் நீர் ஊற்றும் வேண்டாம். அதில் கிருமி வளர இடம் உண்டு. பார்க்க ஏரி இருக்கும்போது ஊற்று எதற்கு?

மருந்தின் வேகத்தால் சில நாட்களில் குழந்தையின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்து விடும். அந்த நாட்களில் மண்ணைத் தொடக் கூடாது, கூட்டத்தில் சேரக் கூடாது என்று டாக்டர் சொல்வார். அன்று குழந்தை தோட்டத்துக்குப் போக முடியாது. தோட்டம்தான் குழந்தையிடம் வர வேண்டும். அதற்குத்தான் அந்தத் தாழ்ந்த ஜன்னல்!

எதை நடுவது, யார் எப்போது வெளியே வரலாம் என்பதை எல்லாம் டாக்டரையும் நர்சையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அழவும் ஓர் இடம்

கட்டிடத்தை விட முக்கியம், அதற்குள் உள்ள சட்டம்.

முதல் சட்டம்: விளையாடும் இடத்தில் ஊசி போடக் கூடாது. வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் நடுங்கும் குழந்தைக்கு, "இங்கே யாரும் குத்த மாட்டார்கள்" என்று நம்ப ஓர் இடம் வேண்டும்.

இரண்டாவது சட்டம்: அண்ணனும் அக்காவும் கூட வரலாம். வீட்டில் ஒரு பிள்ளைக்கு நோய் வந்தால் மற்றப் பிள்ளை மறக்கப்படுகிறது. "தம்பிக்கு மட்டும் பொம்மை வாங்கித் தருகிறார்களே" என்று அது மனதுக்குள் குமுறும். பிறகு அப்படி நினைத்ததற்காகத் தன்னையே வெறுக்கும். அதற்கும் ஒரு மேசை, ஒரு விளக்கு, பாடம் சொல்லித் தர ஓர் ஆள் வேண்டும்.

மூன்றாவது சட்டம்: படம் பிடிக்கக் கூடாது. ஒரு பை அரிசி கொடுத்து விட்டு, மொட்டைத் தலைக் குழந்தையை மடியில் வைத்துப் போட்டோ எடுத்துக் கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அது தர்மம் அல்ல. அந்தக் குழந்தைக்கும் மானம் உண்டு.

இன்னொன்றும் வேண்டும். அழுவதற்கு ஒரு சிறிய அறை. பிள்ளை எதிரில் அழ முடியாது என்று பல்லைக் கடித்துக் கொண்டிருக்கும் தகப்பன், கதவைச் சாத்திக் கொண்டு கொஞ்சம் அழட்டும். முகம் கழுவ ஒரு குழாய் இருக்கட்டும். பிறகு சிரித்த முகத்தோடு வெளியே வரட்டும்.

சில குழந்தைகள் பிழைக்க மாட்டார்கள். இதைச் சொல்லவே மனம் வலிக்கிறது. ஆனால் சொல்லாமல் இருப்பது நியாயம் அல்ல. அப்படிப்பட்ட குழந்தையின் கடைசி நாட்கள், குழாய்களுக்கு நடுவே, அந்நியர் நடுவே கழிய வேண்டுமா? வலி தெரியாமல் மருந்து கொடுத்து, தாத்தா பாட்டி சுற்றி இருக்க, மரத்தடியில் கழியலாமே! ஒரு குழந்தைக்கு இருப்பது பத்து நாள் என்றால், அந்தப் பத்து நாளும் அது குழந்தையாகவே இருக்க வேண்டும்.

"மருந்துக்கே பணம் இல்லை!"

"ஆஸ்பத்திரியில் மருந்துக்கே பணம் போதவில்லை. இதில் ஊஞ்சல் ஒரு கேடா?" என்று கேட்பவர்கள் உண்டு.

அவர்கள் கெட்டவர்கள் அல்ல. கவலையால்தான் கேட்கிறார்கள். மருந்தை வெட்டி ஊஞ்சல் கட்டச் சொன்னால் அது தவறு. யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் லட்சக் கணக்கில் செலவு செய்து பாதி வைத்தியம் நடந்த பிறகு, தங்க இடம் இல்லாமல் ஒரு குடும்பம் ஊருக்குப் போய் விடுகிறது. அப்போது வீணாவது எவ்வளவு? அந்த மருந்தும் வீண். டாக்டரின் உழைப்பும் வீண். பிள்ளையின் உயிரும் போகிறது. அதைத் தடுக்கும் செலவு, செலவே அல்ல.

யார் கட்டுவது? அரசாங்கம் இடம் கொடுக்கலாம். தொழிற்சாலைகள் பணம் கொடுக்கலாம். 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் தங்கள் லாபத்தில் 100-க்கு 2 ரூபாயைச் சமூக நலனுக்குச் செலவிட வேண்டும். அம்பத்தூரிலும் ஆவடியிலும் தொழிற்சாலைகளுக்குக் குறைவா? தொழிற்சாலை ஆஸ்பத்திரி கட்டுவதும் அம்பத்தூருக்குப் புதிது அல்ல. சர் ஐவன் ஸ்டெட்போர்டு ஆஸ்பத்திரி 1966-ல் அப்படி வந்ததுதான்.

ஒரு கம்பெனி கட்டிடம் கட்டட்டும். தச்சர் ஊஞ்சல் செய்யட்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர் கதை சொல்லட்டும். கல்லூரி மாணவர்கள் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றட்டும். கட்டுவதற்குப் பணம் கொடுப்பவர்கள் கிடைப்பார்கள். பத்து ஆண்டு கழித்தும் கக்கூசைச் சுத்தமாக வைக்கச் சம்பளம் கொடுப்பவர்கள்தான் கிடைப்பது அரிது. அந்தப் பணத்தை முதலிலேயே ஒதுக்கி வைத்து விட வேண்டும்.

இன்றே செய்யக் கூடியது

அந்த வீடு வரும் வரை சும்மா இருக்க வேண்டியது இல்லை.

ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் ஒரு மரம் இருக்கும். அதன் அடியில் ஒரு மேடை, இரண்டு பெஞ்சு, குடிதண்ணீர், பக்கத்தில் கழிப்பிடம். 'இது குழந்தைகளுக்கு' என்று ஒரு பலகை. இதற்குக் கோடி ரூபாய் தேவை இல்லை. மனம் இருந்தால் ஒரு மாதத்தில் முடிந்து விடும்.

வீட்டிலும் செய்யலாம். நோயுற்ற குழந்தையின் கட்டிலை ஜன்னல் ஓரத்துக்கு நகர்த்துங்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு தொட்டியில் செடி வையுங்கள். ஒரு கிண்ணத்தில் நாலு அரிசி போட்டு, குருவி வருகிறதா என்று குழந்தையைப் பார்க்கச் சொல்லுங்கள். மாலையில் டி.வி.யை அரை மணி நேரம் நிறுத்தி வையுங்கள்.

'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் 2021-ல் தொடங்கியது. படுத்த படுக்கையான நோயாளிகளுக்கு வீட்டுக்கே வந்து நர்சு உதவி செய்வதும் அதில் ஒரு பகுதி. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள்.

பக்கத்து வீட்டாருக்கும் வேலை உண்டு. "என்ன நோய், எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்க வேண்டாம். "மூத்த பெண்ணை இன்றைக்கு நான் பார்த்துக் கொள்கிறேன், நீ கொஞ்சம் தூங்கு அக்கா" என்று சொன்னால் போதும்.

மாலை ரயில்

மாலை மணி 6. அந்தத் தாய் ஆவடி ரயில் நிலையத்தில் இறங்குகிறாள். பையன் தோளில் தூங்குகிறான். நாளை மறுநாள் மறுபடியும் போக வேண்டும்.

போவாளா, மாட்டாளா? அது மருந்தின் கையில் மட்டும் இல்லை. அவளுக்கு இன்று ஒரு மணி நேரம் கால் நீட்டிப் படுக்க இடம் கிடைத்ததா என்பதிலும் இருக்கிறது.

ஏரி இருக்கிறது. மரம் இருக்கிறது. காற்று இருக்கிறது. அவற்றின் நடுவே ஒரு வீடுதான் இல்லை.

அதைக் கட்ட வேண்டியது ஊரின் பொறுப்பு!